பத்துத் தோட்டாவும் ஒரு தனியர் சான்றும்

தோட்டா வகை நிர்ணய வாரியத்தை யாராவது குறை சொன்னால் எனக்குக் கோபம் வரும். ஒன்றைக் குறை சொல்ல வேண்டுமென்றால் முதலில் அது ஏதாவது செய்திருக்க வேண்டும். விழுப்புரத்தில் ஒரு பழைய கல்யாண மண்டபத்தை வாடகைக்கு எடுத்து, மணமகன் அறையில் தலைவரும், மணமகள் அறையில் கோப்புகளும், சாப்பாட்டுக் கூடத்தில் ஊழியர்களுமாகப் பதினோரு வருடமாக நடந்து வரும் அந்த வாரியம், இதுவரை ஒரு தோட்டாவைக்கூடத் தவறான ஆள் கையில் கொடுத்ததில்லை. சரியான ஆள் கையிலும் கொடுத்ததில்லை என்பது வேறு விஷயம்.

வாரியத்தின் வேலை எளிமையானது. வீட்டுக் காவலுக்குச் சின்னக் கைத்துப்பாக்கி வைத்துக்கொள்ள உரிமம் வாங்கியவர்கள், அதில் எந்த ரகத் தோட்டாவைப் போடலாம் என்று தீர்மானிக்க வேண்டும். வட்டமூக்கு ஈயம், தட்டைமூக்கு ஈயம், செம்பு உறை, அரை உறை என்று வாரியத்தின் கையேட்டில் ஏழு ரகம் இருக்கிறது. ஏழுக்கும் வண்ணப் படம் உண்டு. யாருக்கு எது என்று ஆராய்ந்து வாரியம் ஆணை போட்டால்தான் கடைக்காரர் தோட்டா கொடுக்கலாம். ஆராய்ச்சியில் அவசரம் கூடாது என்பது வாரியத்தின் கொள்கை. அந்தக் கொள்கையை மட்டும் முதல் கூட்டத்திலேயே அவசரமாக நிறைவேற்றிவிட்டார்கள்.

இந்த வாரியத்திடம் போய் மாட்டியவர் லூர்துமேரி. முப்பத்தோரு வருடம் கிராம சுகாதார நர்சாக வானூர் பக்கமும் திண்டிவனம் பக்கமும் ஊர் ஊராக ஊசி போட்டு ஓய்வு பெற்றவர். திண்டிவனத்தில், மரக்காணம் சாலையில், ஊர் முடிந்து பயிர்க் கொல்லைகள் ஆரம்பிக்கிற இடத்தில் ஒரு மனைப்பிரிவு இருக்கிறது. அதில் நாற்பது மனை, கட்டிய வீடு மூன்று, ஆள் இருக்கிற வீடு ஒன்று. அந்த ஒன்று இவருடையது. மகள் இசைவாணி அயர்லாந்தில் நர்ஸ். ஞாயிற்றுக்கிழமை தோறும் போனில் முகம் காட்டுவாள். கணவர் சவுரிராயன் பட்டாளத்தில் இருந்தவர், அதற்குப் பிறகு பணம் கொண்டுபோகிற வண்டிக்குக் காவலாக இருந்தவர். அவருடையதுதான் அந்தக் கைத்துப்பாக்கி. அவர் இறந்ததும் போலீசார் வந்து துப்பாக்கியையும் தோட்டாக்களையும் வாங்கிக்கொண்டு போனார்கள். வாரிசு என்ற முறையில் உரிமம் லூர்துமேரி பேருக்கு மாறியபோது துப்பாக்கி திரும்பி வந்தது. தோட்டாக்கள் பழசாகிவிட்டன என்று அழித்துவிட்டார்களாம். காலித் துப்பாக்கி பீரோவில் புடவைகளுக்கு அடியில் கிடந்தது, அவரும் அதை மறந்திருந்தார்.

பங்குனி மாதத்தில் ஒரு மத்தியானம் கேட்டுக்கு வெளியே ஓர் ஆள் வந்து நின்று தண்ணீர் கேட்டான். கொடுத்தார். சொம்பைத் திருப்பிக் கொடுக்கும்போது அவன் வீட்டை எட்டிப் பார்த்தான்.

"ஊட்ல வேற யாரும் இல்லியாம்மா?"

"ஏன் இல்ல? உள்ள இருக்காரு" என்ற லூர்துமேரி, வீட்டுப் பக்கம் திரும்பி, "இதோ பாருங்க, யாரோ வந்திருக்காங்க" என்று குரல் கொடுத்தார்.

சவுரிராயன் இறந்து இரண்டு வருடமாகியிருந்தது. உள்ளேயிருந்து பதில் வரவில்லை. பதில் வராததைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டு நின்றுவிட்டு அந்த ஆள் போய்விட்டான். தண்ணீருக்காகவே வந்தவனாகவும் இருக்கலாம், யார் கண்டது? ஆனால் அன்றையிலிருந்து குளிப்பதற்குக் கதவைச் சாத்தவும் லூர்துமேரிக்குப் பயமாக இருந்தது. பயத்தைவிட, அவர் கூப்பிட்ட குரல் வீட்டுக்குள் போய் யாரையும் எழுப்பாமல் அடங்கிப்போனதுதான் அவருக்குத் தாங்கவில்லை. மறுநாள் காலையில் பீரோவைத் திறந்து துப்பாக்கியை எடுத்துத் துடைத்து வைத்துவிட்டு விழுப்புரத்துக்கு பஸ் ஏறினார்.

விழுப்புரத்தில் துப்பாக்கிக் கடை என்று பலகை மாட்டியிருப்பவர் வெற்றிச்செல்வன். உள்ளே போனால் கொசு அடிக்கிற பேட்டும் டார்ச் லைட்டும்தான் கண்ணில் படும். லூர்துமேரி உரிமப் புத்தகத்தை நீட்டினார். அவர் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

"பத்து ரவுண்டு தோட்டா குடுக்கலாம்மா. ஆனா எந்த ரகம்னு வாரியம் ஆர்டர் போடணும்."

"உங்ககிட்ட எத்தினி ரகம் இருக்குது?"

"ஒண்ணுதான். வட்டமூக்கு ஈயம். எங்கப்பா காலத்துலேருந்து வேற எதுவும் வந்ததே இல்ல."

"அப்ப அத்தையே குடுங்களேன்."

"அது எப்படிம்மா குடுக்கறது? ஏழுல எதுன்னு அவங்க ஆராய்ச்சி பண்ணணும். பண்ணி, அது இதுவா இருந்துச்சின்னா நான் குடுப்பேன்."

"வேற ரகம்னு சொல்லிட்டா?"

"இல்லன்னு எழுதிக் குடுப்பேன். அதுக்கும் ஒரு பாரம் இருக்குது" என்றார் வெற்றிச்செல்வன்.

வாரியம் வந்த பிறகு ஆணையோடு ஒரு மனிதர்கூடக் கடை ஏறவில்லை என்றும், இருக்கிற பெட்டியை ஆயுத பூஜைக்கு எடுத்துச் சந்தனம் வைத்துவிட்டு மறுபடியும் உள்ளே வைத்துவிடுவதாகவும் அவர் சொன்னார். அப்படியே ஒரு கொசு பேட்டையும் விற்றார்.

மண்டபத்தில் விண்ணப்பங்களை வாங்குகிறவர் கண்காணிப்பாளர் ராயப்பன். விண்ணப்பத்தில் அறுபத்திரண்டு கலம் இருந்தது. லூர்துமேரிக்குப் படிவம் என்றால் பயமில்லை. எத்தனை பிரசவம், எத்தனை சொட்டு மருந்து என்று காலமெல்லாம் கட்டம் போட்டு எழுதியவர். சாப்பாட்டுக் கூடத்தின் ஓர் ஓரத்தில் உட்கார்ந்து நிதானமாக எழுதினார். பதினான்காவது கலத்தில் 'எதிர்பார்க்கப்படும் எதிரியின் உடல் எடை' என்று கேட்டிருந்தது. கேட்டுக்கு வெளியே நின்ற ஆளை மனசில் நிறுத்தி, 'ஐம்பத்தெட்டு கிலோ, ரத்தசோகை இருக்கலாம்' என்று எழுதினார். பத்தொன்பதாவது கலம், எதிரி புதுச்சேரியிலிருந்து வருபவராக இருந்தால் அங்கிருந்து தடையில்லாச் சான்று வாங்கி இணைக்கச் சொன்னது. முப்பத்தொன்றாவது கலம் எதிரி வரும் உத்தேசத் தேதி. விண்ணப்பித்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் அது இருக்கக் கூடாது என்று அடிக்குறிப்பில் இருந்தது.

கடைசிக் கலத்தில் வந்து ராயப்பனின் விரல் நின்றது.

"தனியாவா இருக்கீங்க?"

"ஆமா சார்."

"யார் சொன்னது?"

"நான்தான் சார் சொல்றேன்."

"நீங்க சொன்னா ஆச்சாம்மா? துணைக்கு ஆளு இருந்தா தோட்டா எதுக்கு? அதான் எங்க அடிப்படையே. தனியாத்தான் இருக்கீங்கன்னு தனியர் சான்று வேணும். உங்கள நல்லாத் தெரிஞ்சவங்க ரெண்டு பேரக் கூட்டிக்கினு வந்து கையெழுத்துப் போடச் சொல்லுங்க. தெனமும் உங்க ஊட்டுக்கு வந்து போறவங்களா இருந்தா ரொம்ப நல்லது."

"தெனமும் வந்து போற ஆளு இருந்தா நான் ஏன் சார் இங்க வர்றேன்?"

ராயப்பன் வருத்தத்தோடு அவரைப் பார்த்தார். "எல்லாரும் இதத்தாம்மா கேக்கறாங்க. அதனாலதான் ரெஜிஸ்டர் முறை கொண்டாந்தோம்."

மேசைக்கு அடியிலிருந்து நீளமான ஒரு நோட்டை எடுத்துக் கொடுத்தார். வருகைப் பதிவேடு. தொண்ணூறு நாளைக்கு வீட்டுக்கு யார் வந்தாலும் பேர், நேரம், காரணம் எல்லாம் இதில் எழுத வேண்டும். தொண்ணூறு நாள் முடிவில் பதிவேடு காலியாக இருந்தால் சான்று. பால்காரர் பாக்கெட்டைக் கேட்டில் மாட்டிவிட்டுக் கூப்பிடாமல் போனால் எழுத வேண்டாம். மகளின் போன் பற்றி வாரியத்துக்குள் கருத்து வேறுபாடு இருந்ததாம். போனில் வருகிற முகத்தை அரை ஆளாகக் கணக்கு வைக்க வேண்டும் என்று ஒரு உறுப்பினர் பிடிவாதம் பிடித்து, கடைசியில் அந்த விஷயத்தை மட்டும் தள்ளி வைத்திருக்கிறார்கள்.

லூர்துமேரி பதிவேட்டை வீட்டுக்குக் கொண்டு வந்து, செய்தித்தாளில் அட்டை போட்டு, ஸ்கேலால் கோடு இழுத்துத் தயாராக வைத்தார். முதல் பதினொரு நாள் அதில் எழுத ஒன்றும் இல்லை. பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பிறகு மூடி வைப்பார்.

பன்னிரண்டாம் நாள் வாரியத்தின் கள ஆய்வாளர் இனியவன் வளவனூரிலிருந்து பைக்கில் வந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும், கனத்த உடம்பு. பதிவேடு ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்க வந்திருந்தார். படி ஏறியதற்கே அவருக்கு மூச்சு வாங்கியது. லூர்துமேரி உட்காரவைத்து மோர் கொடுத்துவிட்டு, அலமாரியிலிருந்து ரத்த அழுத்தக் கருவியை எடுத்து அவர் கையில் சுற்றினார்.

"நூத்தி அறுவது இருக்குது தம்பி. உப்ப கொறைக்கணும். மாத்திரை சாப்புடறியா?"

"ஆபீஸ் டென்ஷன்மா" என்றார் இனியவன். அப்படிச் சொன்னவருக்கே அந்த வார்த்தையில் நம்பிக்கை இருந்ததாகத் தெரியவில்லை. புறப்படும்போது லூர்துமேரி பதிவேட்டில் அவர் பேரை எழுதுவதைப் பார்த்துத் தயங்கினார். "என் பேரையுமா எழுதணும்?"

"வந்தா எழுதணும் தம்பி. முப்பத்தோரு வருஷம் ரெஜிஸ்டர் எழுதினவ நான். ஒரு கொழந்தய விட்டுட்டா மொத்தக் கணக்கும் தப்பிடும்."

இந்தப் பழக்கம்தான் அவரைக் கவிழ்க்கப் போகிறது என்பது அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் எழுதியிருப்பார். நேர்மையான அரசு ஊழியர்களிடம் இது ஒரு பெரிய தொந்தரவு.

அடுத்த வாரம் இனியவன் டேப்போடு வந்தார். தோட்டா சுவரைத் துளைத்து வெளியே போகுமா என்பதை வைத்துத்தான் ரகம் முடிவாகும்.

"செவுரு நாலரை இஞ்சா, ஒம்போது இஞ்சாம்மா?"

"ஒம்போது. அவரு கூடவே நின்னு கட்டுனது."

"செரி. குறி தப்பி ஜன்னல் வழியா போச்சின்னு வைங்க. எங்க போய் விழும்?"

"மல்லாட்டைக் கொல்லையில."

இனியவன் எழுதுவதை நிறுத்தினார். வேர்க்கடலையும் பயிர்தான், பயிர் சம்பந்தப்பட்டால் வாரியத்தின் வேளாண் ஆலோசகர் வந்து பார்த்தாக வேண்டும். அவர் வந்தார், உதவிக்கு இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார். மாதிரிக்கென்று ஒன்பது செடியைப் பிடுங்கி, லூர்துமேரியை வேகவைத்துத் தரச் சொல்லி, மூன்று பேரும் கூடத்தில் உட்கார்ந்து உரித்துத் தின்றார்கள். 'தோட்டா விழும் பட்சத்தில் மல்லாட்டையின் சுவையில் மாற்றம் ஏற்படுமா என்பதை அறுவடைக்குப் பின் மறு ஆய்வு செய்யலாம்' என்று அறிக்கை எழுதினார்கள். பதிவேட்டில் மூன்று பேர் ஏறியது.

ரத்த அழுத்தம் பார்த்த செய்தி மண்டபத்துக்குப் போயிருந்தது. அடுத்த செவ்வாய்க்கிழமை ராயப்பனே வந்தார். காரணம் என்ற இடத்தில் 'பதிவேட்டின் தையல் சரிபார்ப்பு' என்று எழுதச் சொன்னார். தையலைப் பார்க்காமல் சட்டைக் கையை மடக்கினார். அதற்குப் பிறகு செவ்வாய்க்கிழமை தோறும் தையல் சரிபார்ப்பு நடந்தது. மெத்தையில்லாத நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, பதவி உயர்வு தனக்கு எப்படிக் கைநழுவியது என்று அவர் சொல்ல, லூர்துமேரி சர்க்கரை போடாத டீயை ஆற்றிக் கொடுப்பார். இனியவன் வாரத்துக்கு இரண்டு தடவை வந்தார். வளவனூரில் பெண்டாட்டிக்கும் அம்மாவுக்கும் நடுவில் தான் படுகிற பாட்டைச் சொல்ல அவருக்கு வேறு இடம் இல்லை.

லூர்துமேரி சந்தோஷமாக இருந்தார். இதில் ஒளிக்க ஒன்றும் இல்லை. பால் இரண்டு பாக்கெட் வாங்கினார். ஆறு டம்ளர் புதிதாக வாங்கினார். செவ்வாய்க்கிழமை காலையில் சீக்கிரமே தலை சீவிக்கொண்டார். யாராவது புறப்பட்டுப் போனதும் பதிவேட்டை எடுத்து, பேரும் நேரமும் எழுதி, குறிப்பு என்ற கட்டத்தில் ரத்த அழுத்தத்தையும் எழுதி, எழுதியதை ஒரு தடவை வாய்விட்டுப் படிப்பார். கேட்டுக்கு வெளியே நின்ற ஆள் சில நாளைக்கு ஞாபகத்திலேயே வரவில்லை. தோட்டாவும் வரவில்லை.

எழுபதாம் நாள் நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வந்தது. தலைவர் வேணு மணமேடைக்கு எதிரே பெரிய நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இரண்டு பக்கமும் உறுப்பினர்கள். மேடையில் விண்ணப்பதாரர் நிற்க வேண்டும். பின்னால் சுவரில் ஒரு கேடயம் தொங்கியது.

"அம்மா, இந்த வாரியத்தைத் தோட்டா கொடுக்கிற இடம் என்று பலரும் தவறாக நினைக்கிறார்கள்" என்று தலைவர் ஆரம்பித்தார். "தோட்டா கொடுப்பது கடைக்காரர் வேலை. நாங்கள் நிதானத்தைக் கொடுக்கிறோம். பதினோரு ஆண்டுகளில் நாங்கள் அனுமதித்த தோட்டா பட்டு ஒரு காக்கைக்குக்கூடக் காயம் கிடையாது. அதற்காகத்தான் இந்தக் கேடயம்."

"இதுவரைக்கும் எத்தினி பேருக்கு சார் அனுமதி குடுத்திருக்கீங்க?"

"ஒருவருக்கும் இல்லை. அதைத்தானே அம்மா சொல்கிறேன்? கொடுத்திருந்தால் இந்தப் பெயரைக் காப்பாற்றியிருக்க முடியுமா?"

உறுப்பினர்கள் மேசையைத் தட்டினார்கள். அடுத்தது செய்முறைத் தேர்வு. எந்த ரகம் விண்ணப்பதாரரின் சுபாவத்துக்குப் பொருந்தும் என்று சுட்டுப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். ஆனால் வாரியத்திடம் தோட்டா கிடையாது. வாரியம் எந்த ரகம் வைத்துக்கொள்ளலாம் என்பதை வாரியம் இன்னும் நிர்ணயிக்கவில்லை. அதனால் விண்ணப்பதாரர் கையை நீட்டி வாயால் சத்தம் போட்டுக் காட்ட வேண்டும்.

லூர்துமேரி கையை நீட்டினார். "டுமீல்" என்றார்.

"கேக்கலம்மா" என்றார் ஓர் உறுப்பினர்.

"டுமீல்."

"திருடனை வரவேற்கிறீர்களா, விரட்டுகிறீர்களா?" என்றார் தலைவர். எல்லோரும் சிரித்தார்கள்.

மூன்றாவது தடவை லூர்துமேரி கத்தினார். எவ்வளவு சத்தமாகக் கத்தினார் என்றால், கூடத்தில் கோப்பு தைத்துக்கொண்டிருந்தவர்கள் எழுந்து வந்துவிட்டார்கள். சவுரிராயனை ஆம்புலன்சில் ஏற்றிய அன்றைக்குப் பிறகு அவர் குரலை உயர்த்தியதே இல்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மணமேடையில் தனியாக நிற்கிறோம் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. 'மூன்றாவது ஒலி செம்பு உறையின் சாயலில் இருந்தது, எனினும் முடிவில் ஈயம்' என்று உறுப்பினர்கள் ஒருமனதாகக் குறித்துக்கொண்டார்கள்.

தொண்ணூறு நாள் முடிந்து ஒரு வாரம் கழித்து ஆணை வந்தது. அதை வாங்க அவர் மண்டபத்துக்கே போனார். ராயப்பன் முகத்தைப் பார்க்காமல் காகிதத்தை நீட்டினார். 'மனுதாரரின் இல்லத்துக்குத் தொண்ணூறு நாளில் நாற்பத்து மூன்று முறை ஆட்கள் வந்து போயிருப்பது மனுதாரரே தம் கைப்பட எழுதிய பதிவேட்டால் ஐயத்துக்கு இடமின்றித் தெரிய வருகிறது. சராசரியாக இரண்டு நாளைக்கு ஒருவர் வீதம் துணை கிடைக்கப் பெறும் இவரைத் தனியர் எனக் கருத இயலாது. மேலும், வந்தவர்கள் பெரும்பாலும் மணிக்கணக்கில் இருந்துள்ளனர். எனவே மனு நிராகரிக்கப்படுகிறது. ஆபத்து நேரும் சமயம் மனுதாரர் பதிவேட்டில் கண்ட நாற்பத்து மூவரை அலுவலக நேரத்தில் அணுகலாம்.'

லூர்துமேரி இரண்டு தடவை படித்தார்.

"சார், இந்த நாப்பத்தி மூணும் நீங்கதான் சார். உங்க ஆளுங்கதான் வந்தாங்க."

"அப்ப நாங்க மனுஷங்க இல்லியாம்மா?"

ராயப்பன் அதைக் கிண்டலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே மனசு கஷ்டப்பட்டுக் கேட்டார். ஒன்பது செவ்வாய்க்கிழமை அவர் வீட்டில் டீ குடித்தவர். நீங்களெல்லாம் கணக்கில் சேர மாட்டீர்கள் என்று லூர்துமேரியால் எப்படிச் சொல்ல முடியும்? அந்த மூன்று மாதத்தில் அவருக்கு இருந்த மனிதர்கள் இவர்கள்தான்.

"மேல்முறையீடு இருக்குது" என்று ராயப்பன் குரலைத் தணித்துச் சொன்னார். "இன்னையிலேருந்து தொடர்ந்து முப்பது நாளு உங்க ஊட்டுக்கு யாருமே வரக் கூடாது. ஒரே ஒரு ஆளு வாசப்படி ஏறினாலும் அந்த முப்பது நாளு தள்ளுபடிதான். நாங்களும் வர மாட்டோம். கஷ்டம்தான். உங்களால முடியுமா?"

"அது முடியும் சார்" என்றார் லூர்துமேரி.

அது ஆடி மாதம். காற்று மட்டும் நாளெல்லாம் மனைப்பிரிவின் காலி இடங்களில் மண்ணை வாரிக்கொண்டு வந்து கேட்டை ஆட்டிவிட்டுப் போனது. லூர்துமேரி பாலை ஒரு பாக்கெட்டாகக் குறைத்தார். புது டம்ளர்களை அட்டைப் பெட்டியில் போட்டு மேலே ஏற்றினார். முதல் செவ்வாய்க்கிழமை பழக்கத்தில் சீக்கிரம் தலை சீவிவிட்டு, கண்ணாடி முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். பத்தாம் நாள் வாக்கில், காலையிலிருந்து ஒரு வார்த்தையும் பேசவில்லை என்பது சாயங்காலம்தான் ஞாபகம் வந்தது. பதினெட்டாம் நாள் ரத்த அழுத்தக் கருவியைத் தன் கையிலேயே சுற்றிக்கொண்டு பார்த்தார். பதிவேட்டை எடுத்துக் குறிப்புக் கட்டத்தில் எழுதப் போனவர், பேர் இருக்க வேண்டிய கட்டம் காலியாக இருப்பதைப் பார்த்து மூடிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மகள் கேட்டாள். "எப்படிம்மா இருக்கே?"

"நல்லாருக்கேன். நடுவுல நெறைய பேரு வந்துக்கினு இருந்தாங்க. இப்ப யாரும் வரக் கூடாதுன்னு ஆர்டர்."

"யார் போட்டது ஆர்டர்?"

"வந்தவங்கதான்" என்றார். அயர்லாந்துக்கு அது புரியவில்லை.

முப்பதாம் நாள் பகல் பன்னிரண்டு மணிக்குக் கேட்டுக்கு வெளியே பைக் வந்து நின்றது.

"நர்சம்மா! நான்தான் இனியவன். கதவத் தொறக்காதீங்க!"

லூர்துமேரி ஓடி வந்து கதவுக்குப் பின்னால் நின்றார்.

"யாரும் வரலன்னு பாத்து எழுதிக்கினு போவ வந்தேன்" என்று வெளியிலிருந்து இனியவன் கத்தினார். "நிமிஷத்துக்கு ஒருக்கா அஞ்சு தடவ கூப்புடணும். பதில் வந்தா நானும் வந்த ஆளா ஆயிடுவேன், வரலன்னா ஓகே. தலைவரு வட்டமூக்கு ஈயம்னு கையெழுத்தே போட்டு வச்சிட்டாரு. மொத மொதல்ல உங்களுக்குத்தான்மா! நாலு நாள்ல தோட்டா கையில. ஒரு சத்தமும் போடாம உள்ளயே இருங்க."

பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, அலுவலகக் குரலில், "திருமதி லூர்துமேரி அவர்களே, இருக்கிறீர்களா?" என்று கூப்பிட்டார்.

லூர்துமேரி வாயைப் பொத்திக்கொண்டார். ஜன்னல் இடுக்கு வழியே அவரைப் பார்க்க முடிந்தது. இன்னும் பெருத்திருந்தார். உப்பைக் குறைக்கவில்லை.

"திருமதி லூர்துமேரி அவர்களே, இருக்கிறீர்களா?"

நாலு நாளில் பத்துத் தோட்டா வந்துவிடும். துப்பாக்கியில் போட்டுத் தலைமாட்டில் வைத்துக்கொள்ளலாம். குளிக்கும்போது கதவைச் சாத்தலாம். யாராவது வந்து வீட்டில் வேறு யாரும் இல்லையா என்று கேட்டால் பயப்பட வேண்டாம். இதற்காகத்தான் இத்தனை நாள் நடையாய் நடந்தது.

"திருமதி லூர்துமேரி அவர்களே, இருக்கிறீர்களா?"

தோட்டா வந்தால் கோப்பு மூடப்படும். கோப்பு மூடிவிட்டால் இந்தக் கேட்டுக்கு முன்னால் வந்து நின்று, இருக்கிறீர்களா என்று பேர் சொல்லிக் கேட்க இந்த உலகத்தில் யாருக்கும் ஒரு காரணமும் இருக்காது.

"திருமதி லூர்துமேரி அவர்களே" என்று நாலாவது தடவை ஆரம்பித்த இனியவன், நெற்றி வேர்வையைத் துடைப்பதற்காக நிறுத்தினார். கேட்டைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். "இருக்கிறீர்களா?"

"இருக்கேன்" என்று லூர்துமேரி கதவைத் திறந்தார்.

இனியவன் தலையில் அடித்துக்கொண்டார். "இன்னாம்மா நீங்க! இன்னும் ஒரே ஒரு நிமிஷம்! எல்லாத்தையும் கெடுத்துட்டீங்களே!"

"வெயில்ல நின்னுக்கினு மூச்சு வாங்கறியே தம்பி. உள்ள வா."

உள்ளே வந்து உட்கார்ந்தவர் கையை நீட்டினார். நூற்று எழுபது இருந்தது. திட்டு வாங்கிக்கொண்டார். பிறகு பதிவேட்டைத் தானே எடுத்து, முப்பது நாள் காலியாக இருந்த பக்கத்தில் தன் பேரைத் தன் கையாலேயே எழுதினார்.

"மறுபடியும் மொதல்லேருந்து முப்பது நாளு ஆரம்பிக்கணும்மா. மறுபடியும் பாத்து எழுதணும். ஒரே பேஜாரு."

லூர்துமேரி அடுப்பைப் பற்றவைத்துப் பாலை ஏற்றிக்கொண்டிருந்தார். அங்கிருந்தே கேட்டார்:

"முப்பதாவது நாளு நீதானே வருவே?"